ஹைட்ரோபோனை இறக்குங்கள்

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

கடலில் கட்டும் பாலத்தின் ஒலி பற்றி எங்கள் ஊர்க் கமிட்டி கொடுத்த மனுக்கள் தங்கள் அலுவலகத்தில் கிடக்கின்றன. கடைசியாக வந்த பதில் ஒரே வரி: ஒலி அளவு வரம்புக்கு உட்பட்டுள்ளது. இனி மனு எழுதிப் பயனில்லை என்பதால் ஊரறிய எழுதுகிறேன்.

விதிகளைத் தங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பாலம் கட்டுவோர் கொடுத்த அறிக்கையில் ஒலி அட்டவணையை மட்டும் தயவுசெய்து திறந்து பாருங்கள். அளந்த இடங்கள்: மாதா கோயில் வாசல், தொடக்கப்பள்ளி, பேருந்து நிறுத்தம், மீன் ஏலக்கூடம். பகலில் 52 டெசிபல்; குடியிருப்புக்கு வரம்பு 55. அதற்கு நேர் கீழே, கடல்வாழ் உயிரினங்களுக்குப் பாதிப்பு இராது என்று முடிவு. பைலிங், அதாவது தூணை அடித்து இறக்கும் வேலை, நடப்பது கடலுக்குள். கருவி நின்றது பேருந்து நிறுத்தத்தில்.

காற்றில் டெசிபலை 20 மைக்ரோபாஸ்கலை வைத்துக் கணக்கிடுகிறார்கள், தண்ணீரில் 1 மைக்ரோபாஸ்கலை வைத்து. அந்த 52 கடலைப் பற்றி எதையும் சொல்லாது. பைலிங் ஒலியை நீருக்கடியில் அளக்க 2017-லேயே சர்வதேசத் தரம் வந்துவிட்டது. ஜெர்மனியில் ஒவ்வோர் அடியின் ஒலியும் 750 மீட்டர் தள்ளி 160 டெசிபலுக்குள் இருக்க வேண்டும். அதற்காகத் தூணைச் சுற்றிக் காற்றுக்குமிழித் திரை விடுகிறார்கள். நீருக்கடியில் ஒலியைப் பதியும் ஹைட்ரோபோனும் அதைக் கையாளத் தெரிந்தவர்களும் சென்னையிலேயே, தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகத்தில் இருக்கிறார்கள்.

எங்கள் பெரியவர்கள் துடுப்பைத் தண்ணீரில் விட்டு, மேல்முனையில் காதை வைத்து, கத்தாளை மீன் கூட்டம் கத்துவதைக் கேட்டு வலை போட்டவர்கள். இப்போது வேலை நாளில் காதை வைத்தால் சம்மட்டி அடி பல்லில் இறங்குகிறது. இதைச் சொல்ல வந்த முதியவரிடம் உங்கள் அதிகாரி, “ஆதாரம் இருக்கா?” என்று கேட்டார். அளக்க வேண்டியவர்கள் நீங்கள். ஆதாரம் கேட்பது அவரிடமா?

2016 ஜனவரியில் மணப்பாடு கரையில் எண்பதுக்கும் மேற்பட்ட திமிங்கிலங்கள் ஒதுங்கின. மீனவர்கள் கடலுக்குள் இழுத்து விட்டார்கள். அவை திரும்பவும் கரைக்கே வந்தன. ஒலிதான் காரணம் என்று நான் சொல்லவில்லை, 1973-லும் அங்கே ஒதுங்கியிருக்கின்றன. ஆனால் ஒலி காரணமில்லை என்று சொல்லவும் கடலடிப் பதிவு வேண்டும். நாளை எங்கள் கரையில் ஒதுங்கினால் எதைக் காட்டுவீர்கள்? பேருந்து நிறுத்தத்துக் கணக்கையா?

அடுத்த தூணுக்கு முன் ஹைட்ரோபோனை இறக்குங்கள். வேலை இல்லாத நாளிலும் அளந்து பாருங்கள், வேலை நாளிலும் அளந்து பாருங்கள். வள்ளம் நாங்கள் தருகிறோம். முடியாதென்றால் அந்த அட்டவணையில் கையெழுத்திட்டவரை ஊர்க் கூட்டத்துக்கு அனுப்புங்கள். பாதிப்பு இராது என்று அந்த முதியவரின் முகத்தைப் பார்த்து அவர் சொல்லட்டும்.

இப்படிக்கு,
மன்னார் வளைகுடாக் கரையிலிருந்து ஒரு மீனவன்