ஏக்கம் எங்களுக்கு, வீடு அவர்களுக்கு

ஓவியர் இளையராஜா வரைந்த பெண்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பழைய வீடு, ஜன்னல் வழியே விழும் வெயில், சுவரோரம் பாத்திரங்கள், நடுவில் கறுத்த நிறத்தில் ஒரு பெண். கும்பகோணத்துக்கு அருகே ஒரு கிராமத்தில் பிறந்த அவர் 2021 ஜூனில் கொரோனாவால் இறந்தார். அன்று என் கைபேசி முழுக்க அவருடைய ஓவியங்கள். கூடவே ஆண் நண்பர்களின் ஏக்கம்: அம்மா ஞாபகம் வருகிறதாம், அந்த அடுப்படிக்கே திரும்பிவிடலாம் போலிருக்கிறதாம்.

எனக்கும் பிறந்த வீடு ஞாபகம் வந்தது. அந்தத் தரையின் சில்லிப்பு உள்ளங்காலில் ஏறியது, அழுதேன். ஆனால் என் அடுப்படியில் புகையும் இருந்தது. ஊதுகுழலோடு குனிந்திருந்த அம்மாவின் கண்கள் எப்போதும் சிவந்திருந்தன. நண்பர்கள் ஏங்குவது அடுப்படிக்கு அல்ல, அங்கிருந்து வந்த தட்டுக்கு.

ஓவியரிடம் எனக்குச் சண்டை இல்லை. விளம்பரமும் சினிமாவும் வெள்ளைத் தோலைத் தேடி அலைந்த காலத்தில் கறுத்த பெண்ணை நடுவில் உட்காரவைத்தவர் அவர். பார்க்கிற நம்மிடம்தான் கேட்கிறேன்: அந்தப் பெண் உட்கார்ந்திருக்கும் வீடு யார் பெயரில் இருக்கிறது?

பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. அறுபது ஆண்டுகள் கழித்து, 1989இல், இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் தமிழ்நாடு திருத்தியது. திருமணமாகாத மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு கிடைத்தது. 2005இல் நாடு முழுவதும் மகள்களுக்கு அந்த உரிமை வந்தது. எனக்குத் திருமணம் நடந்தது 1993இல். அதாவது, தாலி ஏறும்போதே எனக்குப் பங்கு இருந்தது. அப்பா இறந்த மறு வருடம் அண்ணன் என்னைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப் போனார். நான் கையெழுத்திட்ட காகிதத்தின் பெயர் விடுதலைப் பத்திரம். என் பங்கிலிருந்து எனக்கு விடுதலை!

நகை போட்டோமே, சீர் செய்தோமே என்பார்கள். நகை மாமியார் வீட்டுக்குப் போனது, சீர் விருந்தில் கரைந்தது. இரண்டும் பங்கு ஆகாது. பங்கு கேட்டால் உறவு முறிந்துவிடும் என்பார்கள். என் பங்கை விழுங்கினால்தான் நிற்கும் என்றால் அது என்ன உறவு?

அண்ணன் அந்த வீட்டை இடித்து மாடி வீடு கட்டிவிட்டார். இப்போது போன் செய்து கேட்டுவிட்டுத்தான் போகிறேன். ஆண்களுக்கும் ஊர் ஏக்கம் உண்டு. அவர்கள் கையில் பட்டாவும் சாவியும் சேர்ந்து இருக்கின்றன. எங்களுக்குப் பங்குக்குப் பதிலாக ஏக்கத்தைக் கொடுத்து, அதையும் பெண்மையின் அழகு என்று பாராட்டுகிறார்கள்.

படிக்கிற தங்கைகளே, அந்தப் பத்திரம் ஒருநாள் உங்களிடமும் வரும். பட்டுப்புடவையோடும் பாசத்தோடும் வரும். அழ வேண்டுமென்றால் ஓவியத்தைப் பார்த்து அழுங்கள், கையெழுத்து மட்டும் போடாதீர்கள்.