டெல்லிக்கு ஒரு ஓட்டு, கோட்டைக்கு ஒரு ஓட்டு!

பாராளுமன்றத் தேர்தல் முடிவு வந்தால் போதும். போடி பஸ் நிலையத்தில் இருந்து போடிமெட்டு செக்போஸ்ட் வரை ஒரே கேள்விதான். "நம்ம தொகுதி ஜெயிச்ச பக்கமா, தோத்த பக்கமா?"

இப்படிக் கேட்பதில் தப்பு இல்லை. அதற்கு அடுத்து ஒரு பேச்சு வருகிறதே, அதுதான் தப்பு. "எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போட்டீங்கல்ல? இனி டெல்லியில எதையும் கேட்காதீங்க!"

ஓட்டுப் போட்டதற்குத் தண்டனை உண்டு என்று எந்தச் சட்டத்தில் எழுதி இருக்கிறது?

38-க்கு 1

2019-ம் ஆண்டுத் தேர்தலை எடுத்துக்கொள்வோம். நாடு முழுவதும் பாரதீய ஜனதாவுக்கு 303 இடம். தமிழ்நாடு அப்படியே எதிர்ப்பக்கம் நின்றது. மொத்தம் 39 தொகுதியில் 38-ஐ தி.மு.க. கூட்டணி அள்ளியது.

மிச்சம் இருந்த ஒரே ஒரு தொகுதி, நம்ம தேனி! அ.தி.மு.க. வேட்பாளர் ரவீந்திரநாத் குமார், காங்கிரஸ் வேட்பாளர் ஈ.வி.கே.எஸ். இளங்கோவனை 76 ஆயிரத்துக்கும் அதிகமான ஓட்டு வித்தியாசத்தில் தோற்கடித்தார்.

தமிழ்நாட்டைப் பார்த்து வடக்கே சிலர் ஏசினார்கள். தேனியைப் பார்த்துத் தமிழ்நாட்டில் சிலர் ஏசினார்கள்.

ஏசியவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்கவில்லை. அதே 2019 ஏப்ரல் 18-ந் தேதி, தேனி தொகுதிக்குள் அடங்கிய ஆண்டிபட்டி, பெரியகுளம் சட்டசபைத் தொகுதிகளில் இடைத்தேர்தலும் நடந்தது. அதே வரிசை, அதே விரல், அதே மை. சட்டசபை ஓட்டை எண்ணிப் பார்த்தால், இரண்டு இடத்திலும் தி.மு.க. வெற்றி! ஆண்டிபட்டியில் எதிரும் புதிருமாக நின்ற இருவரும் உடன்பிறந்த சகோதரர்கள். தி.மு.க. சகோதரர் மகாராஜன் ஜெயித்தார்.

இதற்கு என்ன அர்த்தம்? டெல்லிக்கு யார், கோட்டைக்கு யார் என்று ஜனங்கள் தனித்தனியாக யோசிக்கிறார்கள். ஒரு கட்சிக்கு ஓட்டுப் போட்டால் உயிர் உள்ளவரை அந்தக் கட்சிக்கு அடிமை என்று எழுதிக் கொடுக்கவில்லை.

1980 சொன்ன பாடம்

இது புதுசு இல்லை. டெல்லிதான் இதை ரொம்ப நாள் புரிந்துகொள்ளவில்லை.

1977 மார்ச் தேர்தலில் நாடே இரண்டாகப் பிரிந்தது. வடக்கே காங்கிரஸ் படுதோல்வி. உத்தரப்பிரதேசத்தில் 85 இடத்தில் ஒன்றுகூட இல்லை. ரேபரேலியில் இந்திரா காந்தியே தோற்றார். தெற்கே நிலைமை தலைகீழ். தமிழ்நாட்டில் அ.தி.மு.க.வும் காங்கிரசும் சேர்ந்த கூட்டணிக்கு 39-ல் 34.

பதவிக்கு வந்த ஜனதா சர்க்கார் என்ன செய்தது? காங்கிரஸ் ஆண்ட 9 மாநில சர்க்கார்களைக் கலைத்தது. "பாராளுமன்றத் தேர்தலில் தோற்றுவிட்டீர்கள். மக்கள் நம்பிக்கை போய்விட்டது" என்பதுதான் காரணம்.

மூன்றே வருஷம். 1980 ஜனவரியில் இந்திரா காந்தி 353 இடத்துடன் திரும்பி வந்தார். தமிழ்நாட்டில் தி.மு.க. - காங்கிரஸ் கூட்டணிக்கு 39-ல் 37. அ.தி.மு.க.வுக்கு கோபிசெட்டிபாளையமும் சிவகாசியும் மட்டும். போடி அப்போது பெரியகுளம் பாராளுமன்றத் தொகுதியில் இருந்தது. அங்கேயும் தி.மு.க. கூட்டணிதான்.

ஜனதா பிடித்த கத்தியை இந்திரா காங்கிரசும் பிடித்தது. பிப்ரவரி 17-ந் தேதி 9 மாநில சர்க்கார்கள் காலி. எம்.ஜி.ஆர். சர்க்காரும் அதில் ஒன்று.

ஜனங்கள் என்ன செய்தார்கள்? அதே வருஷம் மே மாதம் சட்டசபைத் தேர்தல் வந்தது. 234 இடத்தில் அ.தி.மு.க. மட்டுமே 129 இடம் பிடித்தது. ஜூன் 9-ந் தேதி எம்.ஜி.ஆர். மறுபடியும் முதல்-அமைச்சர்! ஜனவரியில் 37 இடத்தைத் தூக்கிக் கொடுத்த அதே ஜனங்கள்தான் ஐந்தாம் மாதம் இப்படிச் சொன்னார்கள். "டெல்லிக்குத்தானே கொடுத்தோம், கோட்டையை யார் பிடுங்கச் சொன்னது?" என்று கேட்டது போல இருந்தது அந்தத் தீர்ப்பு.

கோர்ட்டு இதை ஒப்புக்கொள்ள இன்னும் 14 வருஷம் ஆனது. 1994 மார்ச்சில் எஸ்.ஆர். பொம்மை வழக்கில் சுப்ரீம் கோர்ட்டின் 9 நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். பெரும்பான்மை இருக்கிறதா என்பதைச் சட்டசபையில்தான் பார்க்க வேண்டும், பாராளுமன்றத் தேர்தலில் தோற்றது மட்டும் ஆட்சியைக் கலைக்கக் காரணம் ஆகாது என்பது அந்த வழக்கில் தெளிவானது. 2019-ல் அ.தி.மு.க. கூட்டணி 38 தொகுதியில் தோற்றும், 22 இடைத்தேர்தலில் 9-ஐப் பிடித்து, 2021 வரை ஆட்சியில் இருந்தது. 1980-ல் நடந்தது மறுபடி நடக்கவில்லை.

தண்டிக்க வேறு வழி

சர்க்காரைக் கலைப்பது கஷ்டம் ஆகிவிட்டது. ஆனால் தண்டிக்கும் புத்தி போகவில்லை. "நம்ம ஆள் ஜெயிக்காத ஊர்" என்றால் பைல் மெதுவாக நகரும் என்ற பயம் ஜனங்களிடம் இருக்கிறது. அந்தப் பயத்தைக் காட்டியே ஓட்டுக் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள்.

மற்ற ஊர்களைவிட போடிக்கு இது பெரிய விஷயம். காரணம், இந்த ஊர்ப் பிழைப்பில் பாதி டெல்லியின் கையில் இருக்கிறது. ஏலக்காய் ஏலம் நடத்தும் நறுமணப் பொருள் வாரியம் மத்திய சர்க்காருடையது. ரெயில் மத்திய சர்க்காருடையது. போடிமெட்டு வழியாக மூணாறுக்கும் கொச்சிக்கும் ஏறுகிற ரோடு தேசிய நெடுஞ்சாலை.

விலையைப் பாருங்கள். 2019 ஆகஸ்டில் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போன காய், அடுத்த சில வருஷத்திலேயே ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. இறங்கும்போது இரட்டை இலைக்காரர் தோட்டம், உதயசூரியன்காரர் தோட்டம் என்று பார்த்தா இறங்கியது? கடன் வாங்கி உரம் போட்ட சம்சாரி, ஸ்டோரில் காய் உலர்த்துகிறவர், தரம் பிரிக்கிற பெண்கள், அவர்களுக்கு அரிசி பருப்பு கடன் கொடுத்த பலசரக்குக் கடைக்காரர், எல்லாருக்கும்தான் அடி.

விடிவதற்கு முன் ஜீப் ஏறி இடுக்கி மாவட்டத் தோட்டங்களுக்குப் போகிற தொழிலாளிகளை நினைத்துப் பாருங்கள். ஓட்டு தேனியில், கூலி கேரளத்தில். ஓட்டுப் போட்ட இடத்து எம்.பி. ஒருவர், உழைக்கிற இடத்து எம்.பி. வேறொருவர். முல்லைப் பெரியாறு பிரச்சினை முற்றிய 2011 டிசம்பரில் குடும்பம் குடும்பமாக மலையை விட்டு இறங்கி வந்தவர்கள் இவர்கள்தான். அவர்களை மறித்து மிரட்டியவன், "நீ எந்தக் கட்சி?" என்று கேட்கவில்லை. இப்படிப்பட்டவர்களுக்கு டெல்லியில் பேச ஒரு வாய் வேண்டும். அது எந்தக் கட்சி வாயாக இருந்தால் என்ன?

ரெயில் சொல்லும் கதை

"ஆளுங்கட்சி எம்.பி. இருந்தால்தான் காரியம் நடக்கும்" என்கிறார்கள். போடி ரெயிலைக் கேளுங்கள், அது சொல்லும்.

1928-ல் வந்த மீட்டர்கேஜ் பாதை, அகலப்பாதை வேலைக்காக 2010 கடைசியில் மூடப்பட்டது. அப்போது டெல்லியில் காங்கிரஸ் சர்க்கார். தேனி எம்.பி.யும் காங்கிரஸ்காரர் ஆரூண் ரசீத். அடுத்து 2014-ல் அ.தி.மு.க.வின் பார்த்திபன். 2019-ல் ரவீந்திரநாத் குமார். டெல்லியில் சர்க்கார் மாறியது. கோட்டையிலும் மாறி மாறி முதல்-அமைச்சர்கள் வந்தார்கள். ரெயில் போடிக்குத் திரும்பி வந்தது 2023 ஜூன் 15-ந் தேதி!

மதுரையில் இருந்து போடிக்கு 90 கிலோமீட்டர். அதற்குப் பன்னிரண்டரை வருஷம். ஆளுங்கட்சி எம்.பி. இருந்தபோதும் தாமதம்தான், இல்லாதபோதும் தாமதம்தான். ஆக, "நீங்கள் மாற்றி ஓட்டுப் போட்டதால்தான்" என்பது வெறும் சாக்கு.

தலைவர்களைப் பாருங்கள்

ஓட்டை வைத்துப் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேச்சை நிறுத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2019-ல் அ.ம.மு.க. வேட்பாளராகத் தேனியில் நின்று தோற்றவர் தங்க தமிழ்ச்செல்வன். 2021-ல் போடி சட்டசபைத் தொகுதியில் தி.மு.க. வேட்பாளராக நின்று ஓ.பன்னீர்செல்வத்திடம் தோற்றார். 2024-ல் அதே தேனியில் தி.மு.க. வேட்பாளராக ஜெயித்தார். அவரிடம் தோற்றவர் யார்? பழைய தலைவர் டி.டி.வி. தினகரன்! மூன்று முறை முதல்-அமைச்சராக இருந்த ஓ.பன்னீர்செல்வம், அதே தேர்தலில் இரட்டை இலையை எதிர்த்து ராமநாதபுரத்தில் பலாப்பழச் சின்னத்தில் நின்றார்.

தலைவர்கள் கட்சி மாறுவார்கள், கூட்டணி மாறும். அது அவர்கள் தொழில். அதற்காக டீக்கடையில் கைகலப்பு எதற்கு? கல்யாண வீட்டுக்குப் போகாமல் இருப்பது எதற்கு? கடை பார்த்து சாமான் வாங்குவது எதற்கு?

2024-ல் தேனியும் மற்ற தொகுதிகளோடு சேர்ந்துகொண்டது. தமிழ்நாட்டில் 39-க்கு 39 தி.மு.க. கூட்டணிக்கு. டெல்லியில் 240 இடம் பிடித்த பாரதீய ஜனதா, கூட்டணிக் கட்சிகள் கைகொடுக்க ஆட்சி அமைத்தது. 2019-ல் ஒரு பக்கம், 2024-ல் மறுபக்கம். இரண்டு தடவையும் ஓட்டுப் போட்டது இதே ஜனங்கள். வரி கட்டியதும் இதே ஜனங்கள்.

ஆகவே, டெல்லியில் ஆள்பவர்கள் ஓட்டுக் கணக்கைப் பார்த்து ஊருக்கு ரெயிலும் ரோடும் கொடுக்கக்கூடாது. கோட்டையில் ஆள்பவர்களும் எதிர்க்கட்சி எம்.எல்.ஏ. ஊர் என்று ஒதுக்கக்கூடாது. ஜெயித்த எம்.பி., தனக்கு ஓட்டுப் போடாதவர் கொண்டுவரும் மனுவை முதலில் வாங்க வேண்டும். தோற்றவர்கள் ஜனங்களைத் திட்டுவதை விட்டு, ஏன் தோற்றோம் என்று யோசிக்க வேண்டும்.

ஓட்டு என்பது வேலைக்கு ஆள் வைப்பது. வேலைக்கு வந்த ஆள் முதலாளியைத் தண்டிக்கிற வழக்கம் உலகத்தில் எங்கேயும் கிடையாது!