வீட்டில் ஒன்று, வீதியில் ஒன்று

ஆவடிக்கு ரஷ்ய மொழி புதிதல்ல. இங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலையில் டி-72 டாங்க் உருவானது சோவியத் ஒன்றியத்தின் உரிமத்தில்தான். வரைபடங்களும் கையேடுகளும் ரஷ்ய மொழியில் வந்திறங்கின, அவற்றை மொழிபெயர்க்கத் தனியாக ஆட்கள் வேண்டியிருந்தது. சோவியத் என்றால் ரஷ்யா, அங்கே எல்லோரும் பேசுவது ரஷ்ய மொழி என்றுதான் எங்கள் பக்கத்தில் ஒரு தலைமுறையே நினைத்துக்கொண்டிருந்தது. உக்ரைனிய மொழி என்று வேறொன்று இருப்பது எங்களுக்குத் தெரியவந்தது, எங்கள் தெருப் பிள்ளைகள் உக்ரைனுக்கு மருத்துவம் படிக்கப் போன பிறகு.

பட்டாபிராமில் எங்கள் தெருவிலேயே அப்படி ஒரு பெண் இருக்கிறாள். கார்கிவில் படித்தவள். 2022 பிப்ரவரி 24 அன்று போர் மூண்டதும் மெட்ரோ நிலையத்தில் ஒதுங்கியிருந்து, ரயிலேறி, மேற்கு எல்லையைத் தாண்டி ஊர் வந்து சேர்ந்தாள். குண்டு விழுந்ததைப் பற்றி அதிகம் பேசமாட்டாள். அங்கத்திய மனிதர்கள் எப்படிப் பேசிக்கொள்வார்கள் என்று கேட்டால் நிறுத்தமாட்டாள். வகுப்பு ஆங்கிலத்தில். வார்டில் நோயாளி வலியைச் சொல்வது ரஷ்ய மொழியில். படிவமும் பெயர்ப்பலகையும் உக்ரைனியத்தில். விடுதியைப் பார்த்துக்கொண்ட அம்மாள் அக்கம்பக்கத்தாரிடம் ரஷ்ய மொழி பேசுவாராம். கிராமத்திலிருந்து அண்ணன் போன் செய்தால் இரண்டும் கலந்த பேச்சுக்குத் தாவிவிடுவாராம். அந்தக் கலவைக்கு அங்கே சுர்ஷிக் என்று பெயர். இவர் ஒரு மொழியில் கேட்பதும் அவர் இன்னொன்றில் பதில் சொல்வதும் யாருக்கும் வித்தியாசமாகப் படாது. "அச்சு அசல் நம்ம வீடுதான் பெரியம்மா" என்றாள்.

அவள் வீட்டிலும் என் வீட்டிலும் பேச்சு தெலுங்கு.

சி.டி.எச். ரோடு என்று நாங்கள் சொல்லும் சென்னை-திருவள்ளூர் நெடுஞ்சாலை அம்பத்தூர், ஆவடி, திருநின்றவூர், திருவள்ளூர் தாண்டினால் திருத்தணி வழியாகப் புத்தூருக்கும் திருப்பதிக்கும் போய்ச் சேர்ந்துவிடும். இந்தச் சாலையில் எந்த ஊரோடு தமிழ் முடிகிறது, எந்த ஊரில் தெலுங்கு தொடங்குகிறது என்று பேச்சைக் கேட்டுக் கோடு போட முடியாது. ஆனாலும் கோடு போட வேண்டிவந்தது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திரம் தனி மாநிலமானபோது திருத்தணி சித்தூர் மாவட்டத்தோடு அந்தப் பக்கம் போயிற்று. ம.பொ.சி. முதலானோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, நடுவர் படாஸ்கரின் பரிந்துரையின்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி இந்தப் பக்கம் வந்தது, சத்தியவேட்டுப் பக்கத்து ஊர்கள் அங்கே போயின. பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடுகள் கோட்டின் இரு பக்கமும் இருந்தன. இன்றும் இருக்கின்றன.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் 7.21 கோடிப் பேரில் 42 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தெலுங்கைத் தாய்மொழியாகச் சொன்னார்கள். தெலுங்கு பேசுகிறவர் என்றாலே நிலபுலன் உள்ள நாயுடு, ரெட்டியார் என்று ஒரு சித்திரம் பலர் மனதில் இருக்கிறது. அது பிழையான சித்திரம். அருந்ததியர் குடும்பங்கள் பலவற்றில் வீட்டுப் பேச்சு தெலுங்குதான். விடியற்காலையில் சென்னைத் தெருக்களைக் கூட்டுகிறவர்களில் தலைமுறை தலைமுறையாகத் தெலுங்கு பேசுகிறவர்கள் எத்தனையோ பேர். ரயில்வேக்கும் தொழிற்சாலைக்கும் வேலைக்கு வந்தவர்கள் வேறு.

என் நாயனா கம்பெனியில் தமிழ் பேசுவார். ரேஷன் கடையில் தமிழ், யூனியன் கூட்டத்தில் நல்ல மேடைத் தமிழ். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "அன்னம் திண்ட்டிவா?" என்று எங்களைப் பார்த்துக் கேட்டுக்கொண்டு உள்ளே வருவார். எங்களுக்குக் கோபம் தெலுங்கில் வரும். கணக்கு தமிழில்தான் வரும், வாய்ப்பாட்டைப் பள்ளிக்கூடத்தில் தமிழில் ஒப்பித்ததால். தாலாட்டு தெலுங்கு, கல்யாணப் பத்திரிகை தமிழ். எங்களில் பெரும்பாலோருக்குத் தெலுங்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. அன்னமய்யா கீர்த்தனையைக்கூடத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டுதான் அவ்வா பாடுவார். புத்தூரிலிருந்து வரும் சொந்தக்காரர்களுக்கு எங்கள் தெலுங்கைக் கேட்டால் சிரிப்பு. அவர்களுக்கு நாங்கள் அரவவாள்ளு, தமிழ்க்காரர்கள். இங்கே பள்ளிக்கூடத்தில் சண்டை வந்தால் நாங்கள் 'கொல்ட்டி'.

பிள்ளைகள் சண்டையில் சொல்வதைப் பொறுத்துக்கொள்ளலாம். வளர்ந்தவர்கள் மேடையேறி 'வந்தேறி' என்று சொல்வதை என்னால் பொறுக்க முடியவில்லை. விஜயநகர, நாயக்கர் காலங்களில் வந்து குடியேறி இந்த மண்ணிலேயே உழுது, இந்த மண்ணிலேயே வெந்தவர்களின் பிள்ளைகள் இன்னும் எத்தனை நூற்றாண்டுகள் இருந்தால் ஊர்க்காரர்கள் ஆவார்கள்? கி. ராஜநாராயணன் தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்தவர். தெலுங்கு நாட்டிலிருந்து தெற்கே வந்து காடழித்துக் குடியேறிய மக்களின் கதையைத்தான் 'கோபல்ல கிராம'த்தில் தமிழில் எழுதினார். அதன் தொடர்ச்சியான 'கோபல்லபுரத்து மக்கள்' 1991இல் சாகித்ய அகாதமி விருது பெற்றது. கரிசல் வட்டாரத் தமிழுக்கு அகராதி தொகுத்ததும் அவரே. 2021இல் அவர் மறைந்தபோது தமிழ்நாடு அரசு மரியாதையோடு வழியனுப்பியது. வீட்டு மொழியை வைத்து ஒருவரின் தமிழை அளக்கிறவர்களுக்கு இந்த ஒரு மனிதரின் வாழ்வு போதாதா?

அளக்கத் தொடங்கினால் எங்கே போய் முடியும் என்பதற்கு உக்ரைனைப் பார்க்க வேண்டும். ரஷ்ய மொழி பேசுகிறவர்களைக் காப்பாற்றுவதாகச் சொல்லித்தான் புதின் படையை அனுப்பினார். அந்தப் படை அடித்து நொறுக்கிய கார்கிவும் மரியுபோலும் ரஷ்ய மொழி மிகுதியாகப் பேசிய நகரங்கள். எதிர்த்து நின்ற ஜெலன்ஸ்கி கிரிவிரிக் நகரத்தில் ரஷ்ய மொழி பேசி வளர்ந்தவர். ரஷ்ய மொழியிலேயே நாவல் எழுதிவந்த ஆந்திரேய் குர்கோவ் உக்ரைனிய எழுத்தாளராகவே உலகெங்கும் போய்த் தன் நாட்டுக்காகப் பேசினார். பேசும் மொழி ஒன்று, நிற்கும் பக்கம் வேறு என்பதை அந்த மக்கள் உயிரைக் கொடுத்துக் காட்டினார்கள். அப்படியிருந்தும் போர் மூண்ட பிறகு ரஷ்ய மொழியை வாயிலிருந்தே விலக்கிக்கொண்டவர்கள் அங்கே ஏராளம். எங்கள் தெருப் பெண்ணுக்கு அந்த விடுதி அம்மாள் இப்போது உக்ரைனியத்தில்தான் செய்தி அனுப்புகிறாராம். ஐம்பது வயதுக்கு மேல், பிள்ளைகளைக் கொஞ்சிய மொழியை விட்டுவிட்டு, பள்ளியில் படித்த மொழிக்கு மாறுகிறார்.

அந்த மாற்றத்தைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. அதன் பின்னால் நெடிய காயம் இருக்கிறது. ஜார் ஆட்சி 1863இலும் 1876இலும் ஆணை போட்டு உக்ரைனிய மொழியில் புத்தகம் அச்சிடுவதை முடக்கியது. சோவியத் காலத்தில் தடை என்ற பேச்சே இல்லாமல் காரியம் நடந்தது. 1950களின் இறுதியில் வந்த கல்விச் சீர்திருத்தம், பிள்ளை எந்த மொழியில் படிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பெற்றோரிடம் விட்டது. பார்வைக்கு எவ்வளவு நியாயமான ஏற்பாடு! ஆனால் உயர்கல்வியும் நல்ல வேலையும் ரஷ்ய மொழியின் பக்கம் இருந்தன. நகரத்துப் பெற்றோர் பிள்ளையின் எதிர்காலத்தை நினைத்து ரஷ்யப் பள்ளியைத் தேர்ந்தெடுத்தார்கள். யார் மீதும் பழி சொல்ல முடியாத வகையில் ஒரு மொழி வீட்டுக்குள் சுருங்கிப் போயிற்று. 2001 கணக்கெடுப்பில் உக்ரைனியத்தைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் 67.5 விழுக்காடு. அவர்களிலும் பலர் நாள் முழுக்கப் பேசியது மற்றதை. இப்போது 2019ஆம் ஆண்டுச் சட்டம், 2021 ஜனவரி முதல் கடை, ஓட்டல் எங்கும் வாடிக்கையாளரிடம் முதலில் உக்ரைனியத்தில்தான் பேச வேண்டும் என்கிறது. ஒரு நூற்றாண்டில் நழுவியதைச் சட்டம் கொண்டு பிடித்து இழுக்கிறார்கள்.

எங்கள் கதையை அதோடு அப்படியே பொருத்த முடியாது. தமிழ் ஒருநாளும் தெலுங்கைத் தடை செய்ததில்லை. இங்கே தெலுங்கு ஆண்டவர்களின் மொழியாகவும் இருந்திருக்கிறது, திருவையாற்றில் உட்கார்ந்து தியாகராஜர் பாடிய மொழியாகவும் இருந்திருக்கிறது. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் வந்தபோது சிறுபான்மை மொழிப் பள்ளிகள் வழக்குத் தொடுத்து உச்ச நீதிமன்றம் வரை போயின. என்னைக் கேட்டால், தமிழ்நாட்டில் வாழும் பிள்ளை தமிழ் படித்தே ஆக வேண்டும். தமிழ் தெரியாமல் இங்கே ஒரு மனுவைக்கூடத் தானாக எழுதிக் கொடுக்க முடியாது. அதேபோல், ஆசைப்படும் பிள்ளைக்குத் தெலுங்கும் சொல்லிக்கொடுக்க அரசுப் பள்ளியில் ஓர் ஆசிரியர் இருந்தே ஆக வேண்டும். பள்ளிப்பட்டு, ஊத்துக்கோட்டைப் பக்கம் இன்னமும் தெலுங்கு வழிப் பள்ளிகள் இருக்கின்றன. அங்கே ஆசிரியர் ஓய்வு பெற்றால் அந்த இடத்துக்கு இன்னொருவர் வரக் காத்துக் கிடக்க வேண்டியிருக்கிறது என்பது பெற்றோரின் நெடுநாள் குறை. தீர்க்க முடியாத குறை அல்ல அது.

பொருந்துகிற இடம் ஒன்று உண்டு, அதுதான் என்னை உறுத்துகிறது. ரஷ்யப் பள்ளியைத் தேர்ந்தெடுத்த அந்தப் பெற்றோரை நான் தினமும் பார்க்கிறேன். அம்பத்தூரிலும் பூந்தமல்லியிலும் புதிதாக எழும்பியிருக்கும் அடுக்குமாடிகளின் கீழே, சாயங்காலம் பிள்ளைகள் விளையாடும் நேரத்தில் கொஞ்சம் நின்று கேட்டால் தெரியும். தெலுங்கு வீட்டுப் பிள்ளை தெலுங்கு பேசவில்லை. தமிழ் வீட்டுப் பிள்ளையும் தமிழ் பேசவில்லை. ஊஞ்சலுக்கு முறை வைப்பதும் "நீ அவுட்" என்று மல்லுக்கு நிற்பதும் இங்கிலீஷில். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள் தங்களுக்குள் தமிழில் பேசிக்கொண்டே, பிள்ளை ஓடிவந்தால் அதனிடம் மட்டும் இங்கிலீஷுக்கு மாறுகிறார்கள். ஸ்கூலில் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்களாம். நாங்கள் தெலுங்கை விட்டால் அது தமிழுக்கு வரவு என்று நினைக்கிறவர்கள் இந்த விளையாட்டிடத்தில் ஒரு சாயங்காலம் வந்து உட்கார வேண்டும்.

என் பேத்திக்கு மூன்று வயது. நான் தெலுங்கில் கேட்பதெல்லாம் புரிகிறது, பதில் மட்டும் இங்கிலீஷில் வருகிறது. மருமகள் தமிழ் வீட்டுப் பெண், செய்யாறுப் பக்கம். "நீங்க தெலுங்குலயே பேசுங்க அத்தை, தமிழை நான் பாத்துக்கறேன்" என்று அவளாகவே சொன்னாள். இன்டர்வியூவில் பிள்ளை இங்கிலீஷில் பதில் சொல்லாவிட்டால் அந்த ஸ்கூலில் சீட் கிடைக்காது என்கிறான் மகன். அப்படிக் கேட்கிற ஸ்கூல் வேண்டாம் என்று மருமகளும் நானும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஜூனில் சேர்க்க வேண்டும், இன்னும் முடிவாகவில்லை.