இந்தோனேசியாவில் காடு வாங்கலாம் என்று சொல்லும் புண்ணியவான்களுக்கு

ரெண்டு வாரமா பதிவு போடலை. காபி அறுப்பு முடிஞ்சு காயப் போட்டிருக்கோம், மத்தியானம் ஆனா மழை வந்துருது. தார்ப்பாயை இழுத்து மூடுறதும் விரிக்கிறதுமா பொழுது போகுது. இன்னைக்கும் மழைதான். ஆனா ஒரு விஷயம் நாலு மாசமா நெஞ்சுக்குள்ளயே கிடக்கு. அதை எழுதிடறேன்.

கரூர் பக்கம் இருக்கற என் அக்கா மகன் நாலு மாசம் முன்னாடி போன் பண்ணினான். "மாமா, இந்தோனேசியாவுல காடு ஏக்கர் ரெண்டு லட்சத்துக்கே கிடைக்குதாமே, வீடியோவுல சொல்றாங்க. இங்க இருக்கற ரெண்டு ஏக்கரைக் கொடுத்தா அங்க இருபது ஏக்கருக்கு மேல வாங்கிடலாம். அத்தை பேர்ல போட்டுடலாம், இல்லேன்னா அந்த ஊர்க்காரர் யாராவது ஒருத்தர் பேர்ல போட்டுக்கலாமாம், எல்லாரும் அப்படித்தான் பண்றாங்களாம்" என்றான். நான் முடியாதுன்னு சொன்னேன். அக்கா போனை வாங்கி, "நீ மட்டும் அங்க போய் காட்டுக்காரனா இருக்கலாம், என் பையன் வரக் கூடாதா" என்று கேட்டு வெச்சிட்டா. அன்னையிலிருந்து பேச்சில்லை.

அந்த வீடியோ போடறவங்களுக்கும், அதைப் பார்த்து மனசு அலையறவங்களுக்கும்தான் இந்தப் பதிவு.

முதல்ல சட்டம். 1960இல் இந்த நாட்டில் அடிப்படை நிலச் சட்டம் ஒன்று வந்தது. முழுச் சொந்தமான நிலத்துக்கு இங்கே ஹக் மிலிக் என்று பெயர். அது இந்தோனேசியக் குடிமகனுக்கு மட்டும்தான். வெளிநாட்டுக்காரனுக்கு விற்றால் அந்த விற்பனை செல்லாது, நிலம் அரசாங்கத்துக்குப் போகும், கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்க முடியாது. இதெல்லாம் சட்டத்திலேயே எழுதியிருக்கு. இன்னொருத்தர் பெயரில் வாங்கி வைப்பதும் இதே கதைதான். அந்த "ஒருத்தர்" நாளைக்கு "இது என் நிலம்" என்று சொன்னால் நீங்க எந்தக் கோர்ட்டுக்குப் போவீங்க? போனால், சட்டத்தை மீறினதை நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி ஆயிடும்.

"பாலியில வெள்ளைக்காரன் எல்லாம் வீடு வெச்சிருக்கானே" என்று கேட்பீங்க. முறைப்படி இருக்கறவன் குத்தகைக்கு எடுத்திருக்கான், இல்லேன்னா குடியிருக்க ஹக் பாக்காய் என்ற உபயோக உரிமை வாங்கியிருக்கான். ரெண்டுக்கும் வருஷக் கணக்கு உண்டு. மீதிப் பேர் அடுத்தவன் பேரில் வாங்கிவிட்டு சாமியைக் கும்பிட்டுக்கிட்டு இருக்கான்.

விவசாய நிலத்துக்கு இன்னொரு பூட்டும் இருக்கு. நிலம் இருக்கும் கெச்சமாத்தானில், அதாவது நம்ம ஒன்றியம் மாதிரி, அதிலோ அதை ஒட்டிய கெச்சமாத்தானிலோ குடியிருக்காதவன் விவசாய நிலம் வைத்திருக்கக் கூடாது என்று 1961லேயே விதி போட்டாங்க. இந்த நாட்டுக்காரனுக்கே இதுதான் விதி. நடைமுறையில் ஜகார்த்தாக்காரன் வாங்கிப் போட்டிருக்கான், இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா அவன் மீறினா அவனுக்கு ஆள் பலம் இருக்கு. கரூர்க்காரனுக்கு யார் இருக்கா?

சரி, நீ எப்படி அங்க காட்டுக்காரனா இருக்கேன்னு அக்கா கேட்டாளே, அதுக்கு வர்றேன். 1994இல் மேற்கு ஜாவாவில் ஒரு நூல் மில்லுக்கு ஃபிட்டரா வந்தேன். அங்கேயே வேலை பார்த்த பொண்ணைக் கல்யாணம் பண்ணிக்கிட்டேன். மில் மூடினதும் 2008இல் அவ ஊருக்கு, மேற்கு லாம்புங் மலைக்கு வந்துட்டோம். சேர்த்து வெச்ச பணத்தில் 2009இல் ஒரு ஹெக்டேர், அதாவது ரெண்டரை ஏக்கருக்குக் கொஞ்சம் கம்மி, காபித் தோட்டம் வாங்கினோம். என் பேரில் முடியாது. மனைவி பேரிலும் முடியாதுன்னு சொல்லிட்டாங்க. கல்யாணத்துக்கு முன்னாடி சொத்தைப் பிரிச்சு ஒப்பந்தம் எழுதலைன்னா ரெண்டு பேருக்கும் பொதுச் சொத்து, அதில் வெளிநாட்டுக்காரன் பங்கும் சேர்ந்துருது, அதனால சிக்கல். கல்யாணத்தப்போ ஒப்பந்தம்னு ஒண்ணு இருக்கறதே எங்களுக்குத் தெரியாது.

அதனால மாமியார் பேரில் வாங்கினோம். தங்கமான மனுஷி. 2014இல் தவறிட்டாங்க. நிலம் அவங்க பேர்ல இருந்ததால மச்சான்மார் பங்கு கேட்டாங்க. அவங்க மேல எனக்குக் கோபம் கிடையாது. காகிதம் அப்படிச் சொல்லுது, அவங்களுக்கும் பிள்ளை குட்டி இருக்கு. கால் ஹெக்டேர் கொடுத்துத் தீர்த்தோம். 2016 அக்டோபரில்தான் அரசியல் சாசன நீதிமன்றம், கல்யாணத்துக்குப் பிறகும் அந்த ஒப்பந்தத்தை எழுதிக்கலாம்னு தீர்ப்புக் கொடுத்தது. மறு வருஷம் நோட்டரிகிட்ட போய் எழுதி, மிச்ச முக்கால் ஹெக்டேரை மனைவி பேருக்கு மாத்தினோம். இன்னைக்கும் அது என் நிலம் இல்லை. நாளைக்கு அவ எனக்கு முன்னாடி போயிட்டா, வாரிசா என் கைக்கு வர்ற பங்கை ஒரு வருஷத்துக்குள்ள நான் விட்டாகணும். என் மகளுக்குப் போகட்டும், அவ இந்த நாட்டுப் பொண்ணு.

பெத்த தாய் பேர்ல போட்டதுக்கே கால் பங்கு போச்சு. முகம் தெரியாத புரோக்கர் காட்டின ஆள் பேர்ல போட்டா மிச்சம் என்ன இருக்கும்னு நீங்களே கணக்குப் போட்டுக்குங்க.

அடுத்தது, அந்த மலிவு நிலம். ஏன் மலிவுன்னு யாராவது கேட்டீங்களா? இங்கே பாதிப் பேர்கிட்ட செர்டிஃபிகாட் கிடையாது. கிராமத் தலைவர், இங்கே பெராத்தின்னு சொல்வாங்க, கையெழுத்துப் போட்ட ஒரு தாள்தான் இருக்கும். வரி கட்டின ரசீதைக் காட்டி விற்பாங்க. வரி ரசீது பட்டா ஆகாது. எங்க மலையில் காபி வெச்சிருக்கற நிறைய இடம் பாதுகாக்கப்பட்ட காட்டு எல்லைக்குள்ள வருது. சும்பர்ஜாயா பக்கம் 1990களில் ராணுவத்தைக் கொண்டுவந்து காபிச் செடிகளை அழிச்சு ஜனங்களை விரட்டினாங்க. அப்புறம் போராடித்தான் சமூகக் காடு என்ற பேரில் 35 வருஷ அனுமதி வாங்கினாங்க. அனுமதிதான், சொந்தம் இல்லை. இப்படிப்பட்ட இடத்தைத்தான் "ஏக்கர் ரெண்டு லட்சம்" என்று காட்டுறான்.

வருமானத்தையும் சொல்றேன். என் முக்கால் ஹெக்டேரில் நல்ல வருஷம் 600 கிலோ காபிக் கொட்டை வரும். ரொம்ப வருஷமா கிலோ 20 ஆயிரம் ரூபியாவைச் சுத்தியேதான் விலை இருந்தது. ஒரு வருஷத்துக்கு 1 கோடியே 20 லட்சம் ரூபியா. கோடின்னதும் வாயைப் பிளக்காதீங்க, நம்ம காசுக்கு அறுபதாயிரத்துச் சொச்சம். உரமும் கூலியும் அதிலதான் போகணும். 2024இல் விலை 60 ஆயிரத்தைத் தாண்டிச்சு. வீட்டுக் கூரையை அப்பத்தான் மாத்தினேன். ஆனா அந்த ஒரு வருஷத்தைக் காட்டித்தான் வீடியோக்காரன் பத்து வருஷத்துக்குக் கணக்குச் சொல்றான். அறுப்பு வருஷத்துக்கு ஒரு தடவைதான். நடுவுல கைமாத்து வேணும்னா பூவிலேயே பயிரை வியாபாரிக்கு விலை பேசிக் கொடுத்துடறாங்க. அப்புறம் விலை ஏறினா லாபம் அவனுக்கு.

வாழ்க்கை எப்படின்னா, பெரிய ஆஸ்பத்திரிக்கு லிவா போகணும், மோட்டார் சைக்கிளில் ஒன்றரை மணி நேரம். அங்கேயும் முடியாதுன்னா பண்டார் லாம்புங், ஐந்தாறு மணி நேரம். சுவோ பக்கம் யானை தோட்டத்துக்குள்ள வரும். 2024 தொடக்கத்தில் அங்கே புலி அடிச்சு ஆட்கள் செத்தாங்க, ஆத்திரத்தில் ஜனங்க தேசியப் பூங்கா அலுவலகத்தையே கொளுத்தினாங்க. பசங்க படிப்பு முடிஞ்சதும் ஜாவாவுக்கு வேலைக்குப் போயிடறாங்க.

இவ்வளவு சொல்றியே, அப்ப ஏன் அங்கேயே இருக்கேன்னா, ஊர் நல்ல ஊர். ரோட்டுல மண்ணு சரிஞ்சா மண்வெட்டி எடுத்துக்கிட்டு வீட்டுக்கு ஒருத்தர் வருவாங்க, கூலி கிடையாது. கல்யாணம், சாவு எதுன்னாலும் அடுப்பு மூட்ட பத்துப் பொம்பளைங்க வந்து நிப்பாங்க. இதெல்லாம் இங்கே இருந்து, கூட நின்னு வேலை செஞ்சாத்தான் கிடைக்கும். கரூர்ல உக்காந்துக்கிட்டு வாங்க முடியாது.

கடைசியா ஒண்ணு. இதைச் சொன்னாத்தான் என் மனசு ஆறும். 2023 விவசாயக் கணக்கெடுப்புப்படி இந்த நாட்டில் அரை ஹெக்டேர்கூட இல்லாத விவசாயக் குடும்பம் 1 கோடியே 60 லட்சத்துக்கும் மேல. என் பக்கத்து வீட்டுப் பையன் கல்யாணமாகி அஞ்சு வருஷமா அடுத்தவன் தோட்டத்தில் வாரத்துக்கு உழைக்கிறான். அவன் வாங்கக் கூடிய விலையில் இருக்கற அந்த அரைக் ஹெக்டேரைத்தான் நீங்க போட்டிக்கு வந்து வாங்கப் பார்க்கறீங்க. நம்ம ஊர்ல வெளியூர்க்காரன் வந்து காட்டை வாங்கி வேலி போட்டப்ப நம்ம வயிறு எப்படி எரிஞ்சது? 2018இல் மேற்கு சும்பாவில் ஒரு கடற்கரை நிலத்தை அளக்க வந்தப்ப மறிச்ச விவசாயிகளில் ஒருத்தர் உயிரே போச்சு. மலிவு நிலம்னு நாம சொல்றது இன்னொருத்தன் உசுரைக் கொடுத்துக் காப்பாத்தற நிலம்.

மருமகனே, நீ இதைப் படிப்பேன்னு தெரியும். அந்த ரெண்டு ஏக்கரை விக்காதே. கிணத்துல தண்ணி கம்மின்னா கம்மிக்குத் தகுந்த பயிர் வை. பட்டா உன் அம்மா பேர்ல இருக்கு, அவ கையெழுத்து இல்லாம யாரும் அசைக்க முடியாது. அந்த மாதிரி ஒரு தாளுக்கு உன் மாமன் இங்கே எட்டு வருஷம் அலைஞ்சும் என் பேர்ல கிடைக்கலை. ஊரைப் பார்க்கணும்னா வா, அறுப்புக்கு வா, ஒரு மாசம் இரு. சோறும் காபியும் அத்தை போடுவா.

அக்கா, கோபம் இருந்தா இருக்கட்டும். காடு போயிட்டா அப்புறம் நீ என்னைத் திட்டக்கூட ஆள் தேட வேண்டியிருக்கும்.

மழை விட்டுடுச்சு. தார்ப்பாயை விரிக்கப் போறேன்.