கார் சீட் + ஸ்ட்ரோலர் செட்: காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

"டாக்டர், கார் சீட்டும் ஸ்ட்ரோலரும் சேர்ந்து ஒரே செட்டா வருதே, வாங்கலாமா?"

வளைகாப்பு முடிந்த கையோடு இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. கொஞ்சம் நீளமான இழை. அவசரத்தில் இருப்பவர்களுக்காக பதிலை முதலிலேயே சொல்லிடறேன்.

கார் இருக்கும் வீட்டுக்கு கார் சீட் கண்டிப்பா வேணும். ஸ்ட்ரோலர் இருந்தா வசதி, இல்லைன்னா ஒண்ணும் குறைஞ்சிடாது. ரெண்டும் சேர்ந்த செட், சில குடும்பங்களுக்கு மட்டும்தான் கொடுத்த காசுக்கு உதவும். ஏன்னு பார்ப்போம்.

1/
முதலில் இது என்ன பொருள்? கைப்பிடி வைத்த, கூடை மாதிரியான ஒரு சீட். காரில் பின்சீட்டில் பொருத்தலாம். இறங்கும்போது குழந்தையோடு அப்படியே தூக்கி, சக்கரம் வைத்த ஃபிரேமில் மாட்டித் தள்ளிக்கொண்டு போகலாம். சீட்டுக்கு அடியிலேயே சக்கரம் மடங்கி இருக்கும் மாடலும் உண்டு. கடையில் சொல்லும் பெரிய சிறப்பு: "தூங்குற குழந்தையை எழுப்பவே வேண்டாம் சார்." இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பிறகு வருகிறேன்.

2/
கார் சீட் ஏன் கட்டாயம்? ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி, ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணத்தில் உள்ளே இருக்கும் ஒவ்வொரு உடம்பும் தன் எடையைப் போல சுமார் 11 மடங்கு விசையோடு முன்னால் பாயும். 5 கிலோ குழந்தை 55 கிலோ ஆகிவிடும். ஒரு சிமெண்ட் மூட்டை 50 கிலோ. கண் இமைக்கும் நேரத்தில் அதைக் கையில் பிடித்து நிறுத்த யாராலும் முடியாது. பாசத்துக்கும் கை பலத்துக்கும் இங்கே வேலையே இல்லை.

3/
"நான் பெல்ட் போட்டு, அதுக்குள்ளேயே குழந்தையையும் சேர்த்துப் பிடிச்சுக்குவேன்" என்று சிலர் சொல்வார்கள். இது இன்னும் ஆபத்து. மோதும்போது அம்மாவின் மொத்த எடையும் பின்னாலிருந்து குழந்தையை பெல்ட்டோடு சேர்த்து நசுக்கும். முன்சீட்டில் மடியில் வைத்துக்கொண்டு போவது எல்லாவற்றையும் விட மோசம். ஏர்பேக் பெரியவர்களைக் காப்பாற்றச் செய்யப்பட்டது. அது விரியும் வேகம் பச்சைக்குழந்தையின் தலைக்குத் தாங்காது.

அமெரிக்க சாலைப் பாதுகாப்புத் துறையின் கணக்குப்படி, சரியாகப் பொருத்திய கார் சீட், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள் கார் விபத்தில் இறப்பதை 71% குறைக்கிறது. இந்த அளவுக்குப் பலன் தரும் மருந்துகளே குறைவு.

4/
சட்டமும் இருக்கிறது. 2019 திருத்தத்தில் வந்த மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 194பி: 14 வயதுக்குட்பட்ட குழந்தையை சீட் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் காரில் கூட்டிப்போனால் ஓட்டுநருக்கு 1,000 ரூபாய் அபராதம். நம்ம ஊரில் இதற்காக யாரும் வண்டியை நிறுத்திக் கேட்பதில்லை என்பது எனக்கும் தெரியும். அபராதத்துக்காக வாங்க வேண்டாம், குழந்தைக்காக வாங்குங்கள்.

5/
இனி அந்த செட்டுக்கு வருவோம். முதல் கேள்வி: எத்தனை நாள் உழைக்கும்?

இந்தக் கூடை சீட்டுகள் பலவற்றில் 13 கிலோ வரை என்று எழுதியிருக்கும். நம்ம பிள்ளைகள் 13 கிலோ தொட இரண்டரை, மூன்று வயசாகும். அப்போ மூணு வருஷம் வருமா? வராது. எடைக்கு முன்னால் உயரம் முந்திவிடும். தலை சீட்டின் மேல் விளிம்பைத் தொட்டுவிட்டால் அதோடு அந்த சீட் முடிந்தது. பெரும்பாலான குழந்தைகளுக்கு அது 12 முதல் 15 மாதத்துக்குள் நடந்துவிடும். அதற்குப் பிறகு இன்னொரு பெரிய கார் சீட் வாங்கித்தான் ஆகணும். இதைக் கடையில் சொல்ல மாட்டாங்க.

6/
இரண்டாவது கேள்வி: அந்த ஒரு வருஷத்தில் எத்தனை முறை பயன்படும்?

நம்ம வழக்கத்தை யோசியுங்க. பிரசவத்துக்கு அம்மா வீடு. முதல் மூன்று மாதம் 6, 10, 14 வாரத் தடுப்பூசிக்குத் தவிர குழந்தை வெளியே போவதே அபூர்வம். மிச்சம் 9 மாதம், அதாவது 39 வாரம். வாரம் ஒரு முறை காரில் போய் ஸ்ட்ரோலரில் தள்ளினால் 39 முறை. செட் 30,000 ரூபாய் என்று வைத்தால், ஒரு தடவை வெளியே போக கிட்டத்தட்ட 770 ரூபாய். அதுவே வேலைக்குப் போகும் அம்மா, வாரம் 5 நாள் காரில் கொண்டுபோய் குழந்தைகள் காப்பகத்தில் விடுகிறார் என்றால் 195 முறை, தடவைக்கு 150 ரூபாய் சொச்சம். ஒரே பொருள்தான், வீட்டுக்கு வீடு கணக்கு மாறுது. உங்க வீட்டுக் கணக்கை நீங்களே ஒரு பேப்பரில் போட்டுப் பாருங்க.

7/
மூன்றாவது: எங்கே தள்ளப் போறீங்க?

மால், விமான நிலையம், லிஃப்ட் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பு, நல்ல நடைபாதை உள்ள ஒரு சில சாலைகள் என்றால் சரி. நம்ம தெருக்களில் நடைபாதையில் டிரான்ஸ்ஃபார்மர் நிற்கும், பைக் நிற்கும், நடுவில் பள்ளம் இருக்கும். குழந்தையை பஸ் புகை வரும் உயரத்தில் வைத்து ரோட்டோரமாகத் தள்ளுவதை விட தோளில் போட்டுக்கொண்டு நடப்பது மேல். லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி வீடு என்றால் சீட்டின் எடையும் குழந்தையின் எடையும் சேர்த்து யார் தூக்குவது? சிசேரியன் ஆன அம்மா முதல் சில வாரங்களுக்குக் குழந்தையை விடக் கனமான எதையும் தூக்கக் கூடாது. சீட்டோடு சேர்ந்த குழந்தை அந்த வரம்பைத் தாண்டிவிடும்.

8/
நான்காவதுதான் ஒரு மருத்துவராக எனக்கு முக்கியம். அந்த "எழுப்பவே வேண்டாம் சார்" விஷயம்.

பச்சைக்குழந்தையின் தலை உடம்பு நீளத்தில் கால் பங்கு. கழுத்து இன்னும் நிற்காது. சாய்ந்த சீட்டில் தூங்கும்போது தலை முன்னால் சரிந்து தாடை நெஞ்சில் படலாம். மெல்லிய ஸ்ட்ராவை மடித்தால் அடைப்பது போல மூச்சுப்பாதை அடைபடும். குழந்தை அழாது, சத்தமும் வராது.

அமெரிக்காவில் 2004 முதல் 2014 வரை தூக்கத்தில் இறந்த கிட்டத்தட்ட 12,000 குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். 3% இறப்புகள் உட்காரவைக்கும் சாதனங்களில் நடந்தவை. அதில் பெரும்பகுதி கார் சீட்டில். ஆனால் அந்த கார் சீட் இறப்புகளில், சீட்டை விதிப்படி பயன்படுத்தியது 10 சதவீதத்துக்கும் குறைவு.

9/
இதைத் தப்பாகப் புரிஞ்சுக்காதீங்க. காருக்குள், சரியான சாய்வில், வார் சரியாக மாட்டிய நிலையில் கார் சீட் பாதுகாப்பானது. அதையே தொட்டிலாக மாற்றும்போதுதான் சிக்கல். இந்த செட்டின் வசதியே நம்மை அந்தப் பக்கம் இழுக்கிறது. காரில் ஒரு மணி நேரம், அப்படியே கழற்றி மாலில் ஒரு மணி நேரம், திரும்ப காரில் ஒரு மணி நேரம், வீட்டுக்கு வந்ததும் "தூங்குது, எழுப்பாதே" என்று ஹாலில் அதே சீட்டில் இன்னும் ஒரு மணி நேரம்.

விதி எளிமையானது: ஒரே மூச்சில் 2 மணி நேரத்துக்கு மேல் அந்த சீட்டில் வேண்டாம். பிறந்து சில வாரமே ஆன குழந்தைக்கு இன்னும் குறைவு. போய்ச் சேர்ந்ததும் எடுத்து, சமதளத்தில், மல்லாக்கப் படுக்க வையுங்கள். எழுந்து அழுதா அழட்டும், திரும்பத் தூங்க வெச்சுக்கலாம். குறை மாதக் குழந்தை என்றால் டிஸ்சார்ஜ் ஆகும் முன் உங்கள் குழந்தை மருத்துவரிடம் பயணம் பற்றிக் கட்டாயம் கேளுங்கள்.

10/
அப்போ யார் வாங்கலாம்?
* வாரத்தில் பல நாள் குழந்தையோடு காரில் போய், சமமான தரையில் இறங்குபவர்கள்
* சொந்தக் கார் இல்லாமல் அடிக்கடி கால் டாக்சியில் போகிறவர்கள். சாதாரண சீட் பெல்ட்டிலேயே பொருத்த முடிகிற மாடலாகப் பாருங்க
* இரட்டைக் குழந்தை வைத்து, கூட ஆள் இல்லாமல் சமாளிப்பவர்கள்

வாங்கினால், முழுசாக மல்லாக்கப் படுக்க வைக்கும் தட்டையான ஸ்ட்ரோலர் படுக்கையும் சேர்ந்த செட்டாக வாங்குங்கள். நீண்ட நேரம் தள்ள அதுதான் சரி.

11/
மற்றவர்களுக்கு என் யோசனை: பிறந்ததிலிருந்து சுமார் 4 வயது வரை வரும் கன்வர்டிபிள் கார் சீட் ஒன்று. பச்சைக்குழந்தைக்கான உள்மெத்தை இருக்கிறதா, தோள் வார் குழந்தையின் தோள் அளவுக்கோ அதற்குச் சற்றுக் கீழோ இறங்குகிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஸ்ட்ரோலரை 6 மாதம் கழித்து, குழந்தை உட்கார ஆரம்பித்த பிறகு, தேவை இருந்தால் மட்டும் லேசானதாக வாங்கிக்கலாம். அதுவரை உங்க தோளே போதும்.

பட்ஜெட் இடித்தால் ஸ்ட்ரோலரை வெட்டுங்க, கார் சீட்டை வெட்டாதீங்க. ஸ்ட்ரோலர் பக்கம் பளபளப்பாகவும் கார் சீட் பக்கம் ஏனோதானோ என்றும் இருக்கும் மலிவு செட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். லேபிளில் ஆர்129, ஆர்44/04 அல்லது இந்தியத் தரமான ஏ.ஐ.எஸ்.072 இருக்கணும். எதுவுமே இல்லையென்றால் அது வெறும் நாற்காலி.

12/
"அமெரிக்காவிலிருந்து அண்ணன் அனுப்புறார் டாக்டர்." நல்ல மனசு. ஆனால் ஒரு விஷயம். அமெரிக்கக் கார்களில் பெல்ட்டை முழுசாக இழுத்துவிட்டால் பூட்டிக்கொள்ளும். நம்ம ஊர்க் கார்களில் பொதுவாக அந்த வசதி கிடையாது. அதனால் அங்கத்திய சீட் இங்கே ஆடிக்கொண்டே இருக்கலாம். உங்கள் காரில் பொருத்தி, அடிப்பகுதியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஒரு அங்குலத்துக்கு மேல் ஆடினால் சரியில்லை.

சொந்தக்காரர் கொடுக்கும் பழைய சீட்டா? விபத்தில் சிக்கியதா, காலாவதி தேதி தாண்டியதா என்று கூச்சப்படாமல் கேளுங்க. பதில் தெரியாத சீட் வேண்டாம்.

13/
வாங்கினதும் செய்ய வேண்டியவை:
* பின்சீட்டில், பின்னோக்கிப் பார்த்தபடி. குறைந்தது 15 மாதம் வரை. சீட் அனுமதிக்கும் வரை நீட்டித்தால் இன்னும் நல்லது
* தோள்பட்டை அருகே வாரை விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு கிடைத்தால் தளர்வு
* துணி சுற்றிய குழந்தையை அப்படியே மாட்டாதீங்க. வார் முதலில், போர்வை அதற்கு மேலே
* வெயிலில் நின்ற கார் என்றால் கொக்கியைத் தொட்டுப் பார்த்த பிறகு மாட்டுங்கள்
* பால் கொடுக்கணுமா? வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கொடுங்க. ஓடும் காரில் வேண்டாம்
* பிரசவத்துக்கு முன்பே பொருத்திப் பழகுங்கள். டிஸ்சார்ஜ் அன்று ஆஸ்பத்திரி வாசலில் கையேட்டைப் பிரிக்காதீங்க

14/
கார் இல்லாதவர்கள் இந்த இழையைப் படித்து வருத்தப்பட வேண்டாம். இந்த செட் உங்களுக்குத் தேவையே இல்லை. ஆட்டோவில் கார் சீட் பொருத்தவும் முடியாது. மெதுவாகப் போகச் சொல்லுங்கள், உள்பக்கமாக உட்காருங்கள். பைக்கில் கைக்குழந்தையைக் கூட்டிப்போவதை முடிந்தவரை தவிருங்கள். 9 மாதம் முதல் 4 வயது வரையிலான குழந்தைக்கு ஹெல்மெட், பாதுகாப்பு வார், 40 கி.மீ. வேக வரம்பு என்று மத்திய அரசின் விதியே இருக்கிறது.

15/
கடைசியாக, வீட்டுப் பெரியவர்களுக்கு. "பச்சப் புள்ளைய வாரு போட்டுக் கட்டி வைக்கிறதா?" என்று கேட்கிறீர்கள். உங்கள் மடியை விட இதமான இடம் குழந்தைக்கு இல்லை, ஒத்துக்கிறேன். ஆனால் நீங்கள் பிள்ளை வளர்த்த காலத்தில் நாலுவழிச் சாலையும் இல்லை, இந்த வேகமும் இல்லை. கார் நிற்கும் வரை குழந்தை சீட்டில் இருக்கட்டும். நின்றதும் முதல் ஆளாக நீங்களே தூக்கிக்கோங்க அம்மா.

வாங்கலாமா வேண்டாமா என்று குழம்பினால், உங்கள் கார் மாடல், குழந்தையின் வயது, வாரத்துக்கு எத்தனை முறை வெளியே போவீர்கள் என்பதைக் கீழே எழுதுங்க. நேரம் கிடைக்கும்போது பதில் சொல்றேன். முதல் குழந்தைக்குக் காத்திருக்கும் யாராவது உங்களுக்குத் தெரிந்தால் அவங்களுக்கு அனுப்பி வையுங்க.