குறிகட்டுவானில் இறக்கிவிடப்படும் பூனைகள்

அண்மையில் நயினாதீவுக்குச் செல்வதற்காகக் குறிகட்டுவான் இறங்குதுறையில் படகுக்குக் காத்து நின்றேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பேருந்தில் இருந்து வயோதிபர் ஒருவர் இறங்கினார். கையில் ஓர் அரிசிச் சாக்கு. மீன் இறக்கும் பக்கமாக நடந்து சென்று, சாக்கின் வாயை அவிழ்த்து, மெதுவாகச் சரித்தார். மூன்று பூனைக் குட்டிகள் வெளியே வந்து வெயிலில் கண் கூசி நின்றன. அவர் சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வந்த பேருந்திலேயே திரும்பி ஏறப் போனார். படகேற வந்தவர் அல்லர், இதற்காகவே வந்தவர்.

"ஏன் ஐயா, இவ்வளவு தூரம் கொண்டுவந்து விடுறியள்?" என்று கேட்டேன்.

"கொல்ல மனம் வரேல்லைத் தம்பி. பூனைப் பாவம் பொல்லாதது. இஞ்ச எண்டால் மீன் கிடக்கும், பிழைச்சுப் போகுங்கள்" என்றார்.

அவர் கொடியவர் அல்லர். பேருந்துக்குப் பணம் கொடுத்து, பண்ணைப் பாலத்தையும் வாணர் தாம்போதியையும் கடந்து, தம் மனச்சாட்சிக்காக ஒரு பயணம் செய்தவர். அவருடைய இரண்டு வாக்கியங்களிலும் இரண்டு நம்பிக்கைகள் இருக்கின்றன. ஒன்று, கொல்லாமல் விட்டால் பாவம் இல்லை. மற்றது, பூனைக்கு மீன் இருந்தால் போதும். எங்கள் சமூகம் முழுவதும் பகிர்ந்துகொள்ளும் நம்பிக்கைகள் இவை. இரண்டும் தவறு என்று சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

"மனிதருக்கே மருந்து இல்லாத தீவகத்தில் பூனையைப் பற்றி எழுத வந்துவிட்டாயா?" என்று நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. முப்பது வருடத்திற்குக் கிட்டப் பத்திரிகை மேசையில் இருந்தவன் என்ற முறையில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். வரட்சி வரும் ஆண்டுகளில் நெடுந்தீவுக் குதிரைகள் தண்ணீரின்றி மடிகின்றன என்ற செய்தியைப் படத்தோடு முதற்பக்கத்தில் போட்டிருக்கிறோம். குதிரைக்கு வரலாறு இருக்கிறது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் என்று எழுதலாம். பூனைக்கு அப்படி எதுவும் இல்லை என்று நினைத்தோம்.

உண்மையில் பூனையின் வரலாறு குதிரையினதைவிடத் தீவுகளுக்கு நெருக்கமானது. சைப்பிரஸ் தீவில், ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட மனிதப் புதைகுழி ஒன்றின் அருகே ஒரு பூனையின் எலும்புக்கூடும் கவனமாகப் புதைக்கப்பட்டிருந்ததை 2004ஆம் ஆண்டில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அத்தீவுக்கு இயற்கையாக உரிய பூனை இனம் கிடையாது. அப்படியாயின் அந்தப் பூனையின் இனத்தை யாரோ படகில் ஏற்றிக் கொண்டுசென்றிருக்கிறார்கள். பூனை மனிதனோடு படகேறித் தீவுக்குப் போன பிராணி. குறிகட்டுவானில் நாம் செய்வது அதன் தலைகீழ்: படகுத்துறை வரை கூட்டிவந்து கைவிட்டுவிட்டுப் போகிறோம்.

கைவிடுதலைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டா என்பதும் கேள்விதான். 1991 ஒக்டோபரில் தீவக மக்கள் பெருமளவில் இடம்பெயர்ந்தபோது நான் பல்கலைக்கழக மாணவன். புங்குடுதீவில் எங்கள் வீட்டில் கறுப்பி என்றொரு பெட்டைப் பூனை இருந்தது. அப்பா குசினிக் கதவைத் திறந்து வைத்து, ஒரு சட்டி நிறையச் சோற்றைப் போட்டு, "ரெண்டு மூண்டு நாளில வந்திடுவம்" என்று அதற்கும் எங்களுக்கும் சேர்த்துச் சொன்னார். பல ஆண்டுகளின் பின் போனபோது குசினி இருந்த இடத்தில் எருக்கலை நின்றது. அன்று நாங்கள் கைவிட்டது போரினால். இன்று சாக்கைச் சரிப்பவருக்குப் பின்னால் யாரும் துவக்கோடு நிற்கவில்லை. ஆகவே இன்றைய கைவிடுதலுக்கு வேறு காரணம் தேட வேண்டும். அது அறியாமை என்றே நினைக்கிறேன். அறியாமையை நீக்குவது எங்கள் தொழில்.

முதலில் மீன். வீட்டுப் பூனையின் மூதாதை வட ஆபிரிக்காவினதும் மேற்காசியாவினதும் காட்டுப் பூனை என்று 2007இல் வெளியான மரபணு ஆய்வு உறுதிப்படுத்தியது. வறண்ட நிலத்து எலியும் குருவியும் ஓணானும் தின்று வாழ்ந்த பிராணி அது. கடல் அதற்குத் தெரியாது. மீன் வாசத்துக்கு அது மயங்குவது உண்மை. மயங்குவதெல்லாம் உடம்புக்கு நல்லது என்றால் எங்கள் ஊரில் சீனி வருத்தமே இருக்காதே! சில வகை மீன்களைப் பச்சையாகவே நாள்தோறும் தின்றால், அவற்றிலுள்ள ஒரு நொதியம் உயிர்ச்சத்து பி1ஐ அழித்துவிடும். பூனை தள்ளாடும், கழுத்து வளையும், வலிப்பு வரும். அவித்தால் அந்த நொதியம் அழிந்துவிடும். அவித்த மீனில் முள்ளை எடுத்துக் கொடுப்பது நன்று. ஆனால் அதையே முழு உணவாக்கக்கூடாது.

மறுபக்கத்தில், மீன் குழம்பு பிசைந்த சோறு. பூனை முற்றுமுழுதான ஊனுண்ணி. இறைச்சியிலும் மீனிலும் உள்ள 'ரோறின்' என்ற பொருள் அதன் கண்ணுக்கும் இதயத்துக்கும் இன்றியமையாதது. பூனையின் உடல் அதைப் போதிய அளவில் தானே உண்டாக்குவதில்லை. அது குறைந்தால் இதயம் வீங்கித் தளரும் என்பதைக் கலிபோர்னியாவில் மிருக வைத்தியர்கள் 1987இல் காட்டினார்கள். அவிக்கும்போது ரோறின் தண்ணீரில் கரைந்துவிடுகிறது. ஆகவே அவித்த தண்ணீரை ஊற்றிவிடாமல் சேர்த்துக் கொடுக்க வேண்டும். குழம்பிலே கிடக்கும் வெங்காயமும் உள்ளியும் பூனையின் செங்குருதிக் கலங்களைச் சிதைப்பவை. அடுப்பில் ஏற்றுமுன், உப்பும் தூளும் சேராமல், அதற்கென்று ஒரு பங்கை எடுத்து வைக்க ஒரு நிமிடம் போதும்.

எங்கள் சைவ வீடுகளில் இன்னொரு வழக்கம். நயினை நாகபூசணி அம்மன் திருவிழாக் காலத்தில் வீட்டில் மச்சம் இல்லை என்றால் பூனைக்கும் விரதம்! தயிர்ச்சோறும் பாலும் வைத்துவிட்டு, "அதுகும் பழகிப்போச்சு" என்போம். பழகவில்லை, பசியில் தின்கிறது. வளர்ந்த பூனைகளிற் பலவற்றுக்குப் பாலிலுள்ள சீனியைச் செரிக்கும் ஆற்றல் இல்லை. பால் குடித்த பூனைக்கு வயிற்றோட்டம் வருவது அதனால்தான். பூனைக்கு இனிப்புச் சுவையே தெரியாது என்றும் 2005இல் கண்டுபிடித்திருக்கிறார்கள். சர்க்கரைப் புக்கையை அது முகர்ந்துவிட்டுப் போவது அவமரியாதையால் அல்ல. விரதம் எங்களுடையது. அதற்கு ஒரு முட்டையாவது அவித்து வைப்பதால் எங்கள் விரதம் கெட்டுவிடாது. கெடும் என்று அஞ்சுபவர் பெட்டியில் வரும் பூனை உணவைக் கொட்டி வைக்கலாம்.

அடுத்தது தண்ணீர். தீவகத்தில் இதைப் பற்றி விளக்கத் தேவையில்லை. உவர்க் கிணறுகளைச் சுற்றி வாழ்ந்து, பவுசரில் வரும் நன்னீருக்குக் குடங்களை வரிசையாக அடுக்கியவர்கள் நாங்கள். வறண்ட நிலத்தின் வழிவந்ததால் பூனை இயல்பாகவே குறைவாகத் தண்ணீர் குடிக்கும். இரையின் ஈரத்தையே நம்பி வாழ்ந்த உடல் அது. உலர் உணவு மட்டும் போட்டுத் தண்ணீரும் குறைந்தால் சிறுநீரகமும் சலப்பையும் பாதிக்கப்படும். கடுவன் பூனை அடிக்கடி குந்திக் குந்தி முக்கியும் சலம் போகவில்லை என்றால் அது மலச்சிக்கல் அல்ல, அடைப்பு. இரண்டொரு நாளில் உயிர் போய்விடும். நெடுந்தீவில் பின்னேரம் இது தொடங்கினால் என்ன செய்வது? கடைசிப் படகு போயிருக்கும். அடுத்த நாள் ஏறத்தாழ ஒரு மணிநேரக் கடற்பயணம், அதன் பின் குறிகட்டுவானிலிருந்து தரைவழி. ஆகவே தீவில் பூனை வளர்ப்பவர் நோயை மாற்றுவதைவிட வராமல் தடுப்பதையே நம்ப வேண்டும். உணவில் ஈரம், நிழலில் ஒரு சிரட்டை நன்னீர், நாளுக்கு ஒருமுறை மாற்றிவிடுதல். எங்கள் குடத்திலிருந்து ஒரு சிரட்டை குறைந்தால் நாங்கள் ஏழையாகிவிட மாட்டோம்.

மருந்து விடயத்தில் ஒரு துயரத்தைச் சொல்ல வேண்டும். உறவினர் ஒருவரின் பூனைக்குக் காய்ச்சல் போலிருந்தது. அன்பினால், பிள்ளைக்குக் கொடுப்பதுபோல, பரசிற்றமோல் குளிசையில் பாதியைக் கரைத்துப் பருக்கினார். அன்றிரவு முகம் வீங்கி, முரசு நிறம் மாறி, மூச்சுத் திணறி, விடியுமுன் அது செத்தது. அந்த மருந்தை முறித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு இல்லை. ஒரு குளிசையே ஒரு பூனையைக் கொல்லப் போதுமானது. நாய்க்கு உண்ணி போக்கப் பூசும் சில மருந்துகளும் அப்படித்தான். அந்த அம்மா இன்றும் "என்ர கையாலயே..." என்று சொல்லி அழுவார். அன்பு இருந்தது, அறிவுதான் இருக்கவில்லை.

இனி முதலாவது நம்பிக்கைக்கு வருகிறேன். கொல்லாமல் விட்டால் பாவம் இல்லையா? பெட்டைப் பூனை ஐந்து மாதத்திலேயே சினைப்படக்கூடும். சினைக்காலம் ஒன்பது வாரங்கள். குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினைப்படும். ஓர் ஈற்றுக்கு நான்கு குட்டிகள் என்றாலும் ஆண்டுக்கு இரண்டு, மூன்று சாக்குகள் தேவைப்படும். துறைமுகத்தில் விட்ட குட்டிகளுக்கு என்ன ஆகிறது என்பதை அங்கே தேநீர்க்கடை வைத்திருக்கும் அம்மாவிடம் கேட்டேன். "அண்ணை, நாய் பிடிக்கும், பஸ் மிதிக்கும், மிச்சத்தைக் காகம் பாக்கும். ஒண்டு ரெண்டு தப்பும். தப்பினது திருப்பியும் போடும்" என்றார். கடையின் பின்புறத்தில் ஏழெட்டுக்கு அவரே சாப்பாடு வைக்கிறார். பாவத்தைத் தவிர்த்தவர் பேருந்தில் போய்விட்டார். சுமப்பவர் தேநீர் விற்கும் பெண்.

பூனைகளின் துன்பம் மாத்திரமல்ல. விசர் நோயை இந்நாட்டில் பெரும்பாலும் பரப்புவது நாய். ஆனால் பூனைக் கடியாலும் கீறலாலும் அது வரக்கூடும், அறிகுறி தோன்றிய பின் தப்புதல் அரிது. கடிபட்ட இடத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். தீவகத்துக்கு வலசை வரும் பறவைகளும் உண்டு. நியூசிலாந்தின் ஸ்ரீபன்ஸ் தீவில் ஒரு சிறு பறவை இனம் அழிந்ததில் 1894 அளவில் வெளிச்சவீட்டோடு வந்து சேர்ந்த பூனைகளுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதைப் பறவையியலாளர் இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்வர். சிறிய தீவுகள் பெருகும் பூனைகளைத் தாங்கா.

தீர்வு புதிரானதல்ல. ஐந்தாறு மாதத்தில் கருத்தடைச் சத்திரசிகிச்சை. அதன் பின் கடுவன் சண்டைக்கும் அலைச்சலுக்கும் போவது குறையும். மூலை மூலையாகச் சலம் தெளிப்பது குறையும். பெட்டைக்குக் கருப்பை நோய்களும் முலைப்புற்றும் வரும் வாய்ப்புக் குறையும். "இயற்கைக்கு விரோதம்" என்பவர்களிடம் கேட்கிறேன்: அரிசிச் சாக்கு எந்த இயற்கையில் சேர்த்தி? பிடித்து, சத்திரசிகிச்சை செய்து, காது நுனியில் அடையாளமிட்டு, இருந்த இடத்திலேயே விடும் முறை பல நாடுகளில் நடைமுறையில் இருக்கிறது. மாகாணக் கால்நடை வைத்தியர்கள் மாட்டுக்கும் ஆட்டுக்குமே நேரம் போதாமல் ஓடுகிறார்கள் என்பதை அறிவேன். ஆயினும் ஆண்டுக்கு இரண்டு நாள் குறிகட்டுவானில் ஒரு முகாம் அமைத்தால், புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு மூன்றுக்கும் அது பொதுவான இடம். எல்லாப் பயணங்களும் அத்துறையில்தானே சந்திக்கின்றன.

பணம்? இங்கேதான் ரொறொன்ரோவிலும் பாரிசிலும் சுவிஸிலும் இருக்கும் எம்மவரிடம் ஒரு வார்த்தை. அங்கே உங்கள் வீட்டுப் பூனைக்குத் தடுப்பூசி அட்டை இருக்கிறது, வைத்தியரிடம் நாள் குறித்திருக்கிறது, சிலர் காப்புறுதியும் எடுத்திருக்கிறீர்கள். கோடை விடுமுறையில் திருவிழாவுக்கு வரும்போது இதே துறையில் மெலிந்த பூனைகளைப் பிள்ளைகள் படம் பிடிக்கிறார்கள்; பொரித்த மீனில் ஒரு துண்டை எறிகிறார்கள். எறிந்தவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு துண்டு மீன் ஒரு வேளைக்கு. ஒரு சத்திரசிகிச்சை ஒரு தலைமுறைக்கு. கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கொடுப்பதைக் குறைக்கச் சொல்லவில்லை. ஊர்ச் சங்கக் கணக்கில் இதற்கும் ஒரு வரி இருக்கட்டும்.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் 1907இல் ஆங்கிலேயர் இயற்றியது. அதற்குப் பதிலாகச் சட்ட ஆணைக்குழு 2006இல் ஒரு சட்டவரைவைத் தயாரித்தது. பத்தாண்டுகள் கடந்தும் அது சட்டமாகவில்லை. கொழும்பைக் காத்திருந்து தீவகத்தில் எது நடந்தது?

நயினாதீவிலிருந்து மாலைப் படகில் திரும்பினேன். மூன்று குட்டிகளில் இரண்டைக் கடையின் பின்னால் கண்டேன். மற்றதைத் தேடினேன், காணவில்லை. அந்த அம்மா எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒன்றை, சாம்பல் நிறத்ததை, ஒரு பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தேன். இதை எழுதும்போது மேசைக்குக் கீழே கிடக்கிறது. அடுத்த மாதம் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறேன். இதனால் கறுப்பிக்கு நாங்கள் பட்ட கடன் தீராது என்று தெரியும்.

பூனைக்கு மணி கட்டுவது யார் என்று எலிகள் கூடிப் பேசிய கதையைச் சிறுவயதில் படித்துச் சிரித்தோம். இங்கே பயப்பட எதுவும் இல்லை. மணி கட்டவேண்டிய கைகள்தான் சாக்கை அவிழ்த்துக்கொண்டிருக்கின்றன.