பிள்ளையை ஏசாதீர்கள், பானையைப் பாருங்கள்!

கட்சியின் முழுநேர ஊழியனுக்குச் சொந்த அடுப்பு கிடையாது. இன்று ஒரு தோழர் வீட்டில் கஞ்சி, நாளை இன்னொரு தோழர் வீட்டில் சோறு. இருபது வருஷங்களாக என் வயிறு இப்படித்தான் நிறைந்து வருகிறது. ஆகவே உழைப்பாளி வீட்டுப் பானையில் என்ன இருக்கிறது, அது யார் தட்டில் எவ்வளவு விழுகிறது என்பதை நேரில் பார்த்து வருகிறவன் நான். வைத்தியம் படித்தவனல்ல, பத்தாவதோடு என் படிப்பு நின்றது. டாக்டர்களிடம் கேட்டதையும், சர்க்கார் வெளியிட்ட புத்தகங்களில் படித்ததையும், தோழர்கள் வீட்டில் கண்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் இரண்டு வீடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஒன்று கோவைப் பக்கத்தில் ஒரு மில் தோழர் வீடு. அவருக்கு 14 வயதில் ஒரு பையன். கனத்த சரீரம். நான் சாப்பிட உட்கார்ந்தேன். பையனும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "வந்துட்டாரு பாருங்க தோழர், நம்ம ஊட்டு யானைக் குட்டி! பஞ்சுப் பொதி தூக்க ஆள் வேணும்னா இவனைக் கூட்டிட்டுப் போயிரலாமுங்க" என்று தகப்பனார் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். பையன் சிரிக்கவில்லை. தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்து போனான். பரவாயில்லை, குறைத்துத் தின்றால் நல்லதுதானே என்றார் தகப்பனார். சாயங்காலம் நான் பஸ் ஏறப் போகும்போது டீக்கடைக்குப் பின்னால், யாரும் பார்க்காத இடத்தில், அந்தப் பையன் நின்றுகொண்டிருந்தான். ஒரு கையில் போண்டா, ஒரு கையில் கலர் பாட்டில். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இன்னொன்று திருவாரூர் மாவட்டத்தில் ஒரு விவசாயத் தொழிலாளி வீடு. பெண்ணுக்கு 15 வயது. பள்ளிக்கூடத்தில் காலைப் பிரார்த்தனையின்போது மயங்கி விழுந்துவிட்டாள் என்று தாயார் சொன்னார். காலையில் என்ன சாப்பிட்டாள்? ஒரு தம்ளர் கடுங்காப்பி. நடவு வேலைக்குப் போகும் அவசரத்தில் அதுதான் முடிந்தது. அன்று இரவு எனக்குச் சாப்பாடு போட்டார்கள். வீட்டில் இருந்தது ஒரே முட்டை. அது என் இலையில் விழுந்தது. அப்புறம் தகப்பனாருக்கு, அப்புறம் இரண்டு பையன்களுக்குக் குழம்பும் பொரியலும். கடைசியில் அந்தப் பெண்ணும் தாயும் அடிப்பானைச் சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டார்கள். நான் அந்த முட்டையைத் தின்று முடித்த பிறகுதான் இது என் கண்ணில் பட்டது. சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஒருவன் கனத்துவிட்டான், ஒருத்தி இளைத்துவிட்டாள். இரண்டும் வேறு வேறு வியாதிகள் என்று நாம் நினைக்கிறோம். அவன் திண்டி போத்து, அவளுக்கு உடம்பு வாகு அப்படி என்று பேசி முடித்துவிடுகிறோம். வாஸ்தவத்தில் இரண்டும் ஒரே பானையிலிருந்து வந்தவை. சோறு நிறைய, பருப்பு அற்பம், காய்கறியும் முட்டையும் மீனும் என்றைக்கோ ஒருநாள். இந்தச் சோற்றின் மேல் எண்ணெய்ப் பலகாரமும் சர்க்கரைத் தண்ணீரும் சேர்ந்தால் உடம்பு ஊதுகிறது. அது சேராமல், சோறும் குறைந்தால் உடம்பு வற்றுகிறது. இரண்டிலும் சத்து இல்லை.

2019-21ஆம் வருஷங்களில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 40 பேர் அளவுக்கு மேல் கனத்தவர்கள். 100க்கு 12 பேருக்கு மேல் அளவுக்குக் கீழே இளைத்தவர்கள். அதே பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை. கனத்தவர்களுக்கு ரத்தம் இருக்கிறது, இளைத்தவர்களுக்குத்தான் இல்லை என்று யாரும் எண்ண வேண்டாம். பருத்த உடம்பிலும் ரத்தம் வெளுத்திருக்கும்.

நம் தோழர்களில் சிலர் உடனே சொல்வார்கள்: "கூலி உயரட்டும் தோழர், எல்லாம் தானாகச் சரியாகிவிடும்." கூலி உயர வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது. 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டு ரேஷன் கடையில் அரிசி இலவசம்; பசி ஓரளவு அடங்கியதற்கு அதுவும் காரணம். ஆனால் ரேஷனில் மலிவாக வரும் துவரம் பருப்பு கார்டுக்கு 1 கிலோ. ஐந்து பேர் உள்ள குடும்பத்தில் அதைப் பங்கு போட்டால் ஆளுக்கு நாளொன்றுக்கு 7 கிராம்கூட வராது. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில், வளர்ந்த ஒருவருக்குப் பருப்பு, முட்டை, மாமிசம் எல்லாமாகச் சேர்த்து நாளைக்குச் சுமார் 85 கிராம் வேண்டும் என்கிறது. 7 எங்கே, 85 எங்கே? மிச்சத்தைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். அதற்குக் கூலி வேண்டும்.

ஆனாலும் கூலி மட்டும் போதாது என்பதற்கு அந்த மில் தோழர் வீடே சாட்சி. விவசாயத் தோழரைவிட அவர் வீட்டில் கூடுதலாகக் காசு புழங்குகிறது. அந்தக் காசு பருப்பாக மாறவில்லை. தகப்பனார் முழு நைட், தாயார் பகல் ஷிப்டு. பிள்ளை கையில் தினமும் பத்து ரூபாய். அது பாக்கெட் கம்பெனிக்காரன் கல்லாவுக்குப் போய்ச் சேருகிறது. 250 மில்லி கலர் பாட்டிலில் சுமார் 25 கிராம் சர்க்கரை, அதாவது 5 தேக்கரண்டி! வீட்டுக் காப்பியில் ஒரு பிள்ளை 5 கரண்டி சர்க்கரை போட்டுக்கொண்டால் நாம் சும்மா விடுவோமா? சம்பள உயர்வுக்காக வாசலில் நின்று போராடுகிறோம். உயர்ந்த சம்பளம் வீட்டுக்குள் நுழைந்த பிறகு எந்த வழியாக வெளியே போகிறது என்று பார்ப்பதில்லை.

இந்த வயது எப்படிப்பட்டது என்பதைப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். மனிதன் முழுமையாக வளர்ந்தபின் இருக்கும் எடையில் ஏறக்குறையப் பாதி, பருவ வயதின் சில வருஷங்களில் சேருவது. பெண்ணுக்கு இது முந்தி வரும், பையனுக்குப் பிந்தி வரும். உயரம் பாய்வதற்கு முன் சில பிள்ளைகளுக்குச் சற்றே சதை போடுவதும் உண்டு. பெண்ணுக்கு இடுப்பு அகலுவதும் இயற்கை. ஆகவே வெறும் கண்ணால் பார்த்து "குண்டு", "ஒல்லிக்குச்சி" என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். பட்டப்பெயர் வைப்பதால் எந்தப் பிள்ளையும் மெலிந்ததில்லை. அது ஒளிந்து தின்னக் கற்றுக்கொள்ளும், அல்லது பட்டினி கிடக்கும், பிறகு ஒரேயடியாகத் தின்னும். அந்தக் கோவைப் பையனுக்கு நடந்தது அதுதான். அன்றைக்கு நான் சிரித்ததும் சேர்ந்துதான் அவனை டீக்கடைக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தியது.

எடை சரியா என்பதை அறிய உயரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒரே தராசில், இரண்டையும் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வயதுக்கும் உயரத்துக்கும் ஏற்ற கணக்கு இருக்கிறது. சர்க்கார் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடமும் கேட்கலாம். கேட்டால்தான் சொல்வார்கள். கனத்த பிள்ளையாயிருந்தால், பல சமயங்களில் எடையைக் குறைக்கவே வேண்டியதில்லை. எடை அப்படியே நிற்கட்டும், உயரம் ஏறட்டும். இரண்டும் தானே சமனாகும். வளருகிற பிள்ளையைப் பட்டினி போட்டால் உயரமும் நின்றுபோகும். தானாகப் பட்டினி கிடக்கும் பெண் பிள்ளைகளும் இப்போது உண்டு. சினிமாக்காரியைப் பார்த்து வந்த வினை. அவர்களிடம் தாயார் மெதுவாகப் பேச வேண்டும்.

இனி வீட்டில் என்ன செய்யலாம்?

பரிமாறும் வரிசையை மாற்றுங்கள். இதைத்தான் நான் முதலாவதாகச் சொல்வேன். ஆண்கள் தின்று மிஞ்சியது பெண்களுக்கு என்ற வழக்கம் பண்ணையார் வீட்டில் இருந்தால் அதைப் பழிக்கிறோம். சங்கக் கொடி பறக்கும் தெருவில் இருந்தால் பார்க்காமல் போகிறோம். மாதந்தோறும் ரத்தம் இழக்கும் பெண்ணுக்கு இரும்புச் சத்து பையனைவிடக் குறையாமல் வேண்டும். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து, இருப்பதை எண்ணிப் பங்கிட்டுச் சாப்பிடட்டும். ஒரு முட்டைதான் இருக்கிறதென்றால் அது வளருகிற பிள்ளைக்கு. கட்சி ஊழியன் வந்தால் ரசம் போதும். அவன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

காலையில் பிள்ளையை வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள். இட்லி தோசைக்கு நேரமில்லை என்பது எனக்குத் தெரியும். பழைய சோற்றோடு ஒரு பிடி வறுத்த நிலக்கடலையோ சுண்டலோ போதும். கேழ்வரகுக் கூழ் என்றால் இன்னும் நல்லது. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்குக் குறையாமல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, அரிசி அதற்குக் கிட்டவே வராது. முருங்கைக் கீரை வேலியில் இருக்கிறது. மத்தி மீன் மலிவாக வரும் நாளில் வாங்குங்கள். பாக்கெட் வறுவலுக்குக் கொடுக்கிற பத்து ரூபாய்க்கு அதைவிடக் கூடுதல் எடையில் பச்சை நிலக்கடலை கிடைக்கும். பெட்டிகளில் விற்கும் புஷ்டி மாவுகளுக்கும், உடம்பை இளைக்க வைக்கும் என்று சொல்லி விற்கும் பொடிகளுக்கும் ஒரு காசு கொடுக்காதீர்கள்.

சோற்றோடு கூடவே டீ குடிக்கும் பழக்கம் நம் வீடுகளில் அதிகம். சாப்பாட்டிலுள்ள இரும்புச் சத்தை டீ உடம்பில் சேர விடாது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் போகட்டும். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா இவை அந்தச் சத்தைச் சேர்த்துக் கொடுக்கும். பள்ளியில் வாரம் ஒரு இரும்பு மாத்திரை கொடுக்கும் திட்டம் 2012-13 முதல் இருக்கிறது. வயிற்றைப் புரட்டுகிறது என்று பிள்ளைகள் தூக்கி எறிகிறார்கள்; தாய்மாரும் பயந்து "வேண்டாம்" என்கிறார்கள். சாப்பிட்ட பிறகு போட்டால் புரட்டுவது குறையும். மலம் கறுத்துப் போவது மாத்திரையால் வருவது, அதற்குப் பயமில்லை.

கனத்த பிள்ளைக்குத் தனிச் சமையல் வேண்டாம். வீட்டுக்கே சமையல் மாற வேண்டும். "நீ தின்னாதே" என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டு அப்பன் எதிரில் உட்கார்ந்து பஜ்ஜி தின்றால் எந்தப் பிள்ளை கேட்கும்? (எனக்கே தொந்தி உண்டு. கூட்டத்துக்குக் கூட்டம் டீயும் வடையுமாக வளர்ந்தது. இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கிய பிறகு வடையை விட்டிருக்கிறேன். டீயை விட முடியவில்லை.)

பிள்ளைகள் ஓடியாட வேண்டும். 5 முதல் 17 வயது வரை தினம் 60 நிமிஷம் உடம்பு வேர்க்க அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். பள்ளியில் விளையாட்டுப் பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்கிறார். வீட்டுக்கு வந்தால் பெண்ணுக்கு வெளியே போகத் தடை, பையனுக்குக் கையில் செல்போன். சைக்கிளில் பள்ளிக்குப் போகட்டும். தூக்கமும் 8 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. தூக்கம் கெட்டால் பசியும் நிலை தவறும். ஷிப்டு மாறும்போதெல்லாம் நம் வயிறு படும் பாட்டை வைத்தே இதைத் தெரிந்துகொள்ளலாம்.

சில குறிகளை அசட்டை செய்யாதீர்கள். கனத்த பிள்ளையின் பிடரியிலும் கக்கத்திலும் தோல் கறுத்துத் தடித்தால், அழுக்கு என்று பீர்க்கங்கூடு வைத்துத் தேய்க்கிறோம். பெரும்பாலும் அது அழுக்கல்ல. பின்னால் சர்க்கரை வியாதி வரக்கூடும் என்பதற்கு முன்னெச்சரிக்கை. பிள்ளை காரணமில்லாமல் இளைப்பது, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், ஓயாத தாகமும் அடிக்கடி சிறுநீரும், பெண்ணுக்கு மாதவிலக்கு நின்றுபோவது, இவற்றில் எது கண்டாலும் டாக்டரிடம் கொண்டுபோங்கள். மந்திரிப்பதற்கு ஓடாதீர்கள்.

வீட்டால் முடியாதது ஒன்று இருக்கிறது. 1956-ல் மதிய உணவு வந்தது. 1982-ல் சத்துணவு வந்தது. அது பின்னர் 10ஆம் வகுப்பு வரை நீண்டது. 2010 முதல் வாரம் 5 முட்டை. 2022-ல் தொடங்கிய காலை உணவு 1 முதல் 5ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கென்று வந்தது. எல்லாம் நல்ல காரியங்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள்: உடம்பு பாயத் தொடங்கும் 6ஆம் வகுப்பில் காலைச் சோறு இல்லை என்றும், 16 வயதில் மேல்நிலை வகுப்புக்குப் போனதும் மதியச் சோறும் முட்டையும் இல்லை என்றும் திட்டம் வகுக்கப்பட்டது. கடுங்காப்பி குடித்துவிட்டுப் போய் மயங்கி விழுந்த அந்தத் திருவாரூர்ப் பெண் 10ஆம் வகுப்பு. 12ஆம் வகுப்பு வரை இரண்டு வேளையும் வேண்டும், விளையாட்டுப் பீரியடில் விளையாட்டே நடக்க வேண்டும், ரேஷனில் பருப்பின் அளவு ஏற வேண்டும். மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, ஜனவரி 26 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. தாய்மார்கள் முன்வரிசையில் உட்கார்ந்து இந்த மூன்றையும் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும். வாயால் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறியிருக்கிறதா என்று படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.